மோகனூர் லைனில் நின்ற வார்த்தை

நேற்று மத்தியானம் கிரைண்டரில் உளுந்து போட்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. சுவிட்சை அணைக்கத் தோன்றாமல், பின்வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழிப்புத் தட்டியபோது வீட்டுக்குள் யாரோ வேலை செய்கிற சத்தம். என்னைத் தவிர இந்த வீட்டில் ஆள் கிடையாது. தயங்கித் தயங்கி உள்ளே போனால், கல் சுற்றிக்கொண்டிருந்தது. நான் தூங்கியதோ, வெயில் சுவர் மாறியதோ அதற்குத் தெரியாது. நின்ற இடத்திலிருந்து, நின்றதே இல்லை என்பதுபோல, ஆளில்லாத சமையலறையில் அரைத்துக்கொண்டிருந்தது. கை நீட்டி அணைக்க எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.

நீ இருந்திருந்தால், "கெரண்டு வந்துச்சு, ஓடுது. இதுக்குப் போயி ஏம்புள்ள மூஞ்சி இப்புடிப் போகுது?" என்று சிரித்திருப்பாய். சிரித்த பிறகு நீயே எழுந்துபோய் சுவிட்சை அணைத்திருப்பாய். நின்ற ஒன்று நின்ற இடத்திலிருந்தே திரும்ப ஓடத் தொடங்குவதை நாம் இரண்டு பேரும் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறோம். அதைப் பற்றி நாம் அதிகம் பேசிக்கொண்டதில்லை. இனிமேல் பேச எனக்கும் ஆளில்லை என்பதால் எழுதுகிறேன்.

சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் டவுனில் மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்த கிறிஸ்தவ வீட்டுப் பெண். நீ புதுச்சத்திரத்துத் தோட்டத்திலிருந்து சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்தவள். தவறான நம்பருக்குக்கூட நீ நாலு 'ங்க' போட்டுப் பேசுவாய்; நான் கேலி செய்வேன். அந்தக் காலத்தில் யார் யாரோடு பேசுவதென்றாலும் நம் கைதான் கம்பியைச் சேர்க்க வேண்டும். முன்னால் ஆளுயரப் பலகை. ஒவ்வொரு லைனுக்கும் ஒரு துளை, அதற்கு மேலே விரல் நகம் அளவுக்கு ஒரு தகரக் கதவு. எங்கோ ஒருவர் டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால் இங்கே அவருடைய கதவு டப்பென்று விழும். செய்துகொண்டிருப்பதை அப்படியே விட்டுவிட்டு அங்கே கையைக் கொண்டுபோக வேண்டும்.

எனக்கு அதுதான் பெரிய தொல்லை. ஒரு கதவைக் கவனித்துவிட்டுத் திரும்பினால் முன்பு என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது மறந்துவிடும். நீயோ உன் அத்தை மகளின் கல்யாணச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருப்பாய். நடுவில் திருச்செங்கோடு, ராசிபுரம், ஆத்தூர் என்று வரிசையாகக் கதவுகள் விழும். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து தொடங்குவாய். "யாரு, எந்தச் சண்டை?" என்று நான் விழிப்பேன். "உனக்கு மண்டையில ஆணி இல்ல புள்ள. எங்க மாட்டி வெக்கிறது?" என்பாய்.

அந்த ஆணியை நீ வேலையிலும் அடித்து வைத்திருந்தாய். வெளியூர் அழைப்புகளில் சாதாரணம், அவசரம், அதற்கும் மேலே மின்னல் என்று படிகள் இருந்தன அல்லவா? மேல்படி அழைப்பு வந்து லைன் இல்லையென்றால், கீழ்ப்படியில் பேசிக்கொண்டிருப்பவர்களை நிறுத்திவைக்க வேண்டும். நாங்களெல்லாம் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடுங்குவோம். நீ மட்டும் பிடுங்குவதற்கு முன் அவர்கள் வாயிலிருந்து கடைசியாக விழுந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொள்வாய். பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி. கேட்டதற்கு, "கடைசி வார்த்தைய மட்டுந்தான் எடுத்து வெச்சுக்கறேன். மத்ததெல்லாம் அவங்க சொத்து" என்றாய். லைன் கிடைத்ததும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து, "வந்துருச்சுங்க. 'சாயம்'னு சொல்லீட்டிருந்தீங்க, பேசுங்க" என்பாய். இளம்பிள்ளைச் சேலை வியாபாரி ஒருவர் சாயத்திலிருந்து அப்படியே தொடர்ந்து பேசுவார், மூச்சுக்கூட விடாமல். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அது வேடிக்கை மட்டுமில்லை என்பது பல வருடங்கள் கழித்து ஒரு வகுப்பறையில் எனக்கு விளங்கியது. பலகைகளைக் கழற்றிவிட்டு மின்னணு எக்ஸ்சேஞ்ச் கொண்டுவந்தபோது பழைய ஆட்களுக்கும் பாடம் எடுத்தார்கள். நீ அதற்குள் வேலையை விட்டிருந்தாய். பாடம் எடுத்த பையன், கம்ப்யூட்டருக்குள் கெர்னல் என்றொரு மேஸ்திரி இருப்பதாகச் சொன்னான். வெளியிலிருந்து ஒரு லைன் கூப்பிட்டாலோ யாராவது ஒரு விசையைத் தட்டினாலோ அந்தக் கருவி ஒரு சமிக்ஞை எழுப்பும். அதன் பெயர் இன்டரப்ட், குறுக்கீடு. உடனே ப்ராசசர் என்கிற செயலி கையிலிருக்கும் ஒற்றைக் கட்டளையை முடித்துக்கொண்டு, எந்த இடத்தில் நின்றோம், கையில் என்னென்ன வைத்திருந்தோம் என்பதை ஓரமாக எடுத்து வைக்கும். பிறகு கூப்பிட்டது யார் என்று பார்த்து அவருக்கு உரிய வேலைக்குத் தாவும். அங்கே நெடுநேரம் தங்கக் கூடாது. அவசரமானதை மட்டும் செய்து, மிச்சத்தைப் பிறகு பார்க்க ஒதுக்கிவிட்டு, எடுத்து வைத்ததைத் திரும்பக் கையில் வாங்கிக்கொண்டு விட்ட இடத்துக்கே போக வேண்டும். நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். உன்னைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்களோ என்றுகூட இருந்தது.

பிறகு அவன் த்ரெட் என்பதைப் பற்றிப் பேசினான். ஒரே செயலியில் பல வேலைகள் இழை இழையாக முறைவைத்து ஓடுகின்றன. உள்ளே ஒரு கடிகாரம் ஓயாமல் குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும். குறுக்கிடும்போதெல்லாம் கெர்னல் பார்க்கும்: இந்த இழை தன் பங்குக்கு ஓடிவிட்டதா, இதைவிட முக்கியமான ஒன்று காத்து நிற்கிறதா? அப்படியிருந்தால், ஓடிக்கொண்டிருப்பதை அதனிடம் கேட்காமலே நிறுத்தி, மற்றதை ஓடவிடும். நிறுத்தப்பட்டதற்குத் தான் நின்றது தெரியுமா என்று நான் கேட்டேன். "தெரியாது மேடம். அதப் பொறுத்தவரைக்கும் நடுவுல எதுவுமே நடக்கல. ஒரு கட்டளை, அதுக்கு அடுத்த கட்டளை, அவ்வளவுதான். இடையில உலகமே மாறியிருந்தாலும் அதுவா போய்ப் பார்த்தாத்தான் உண்டு" என்றான். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கை ஓடவில்லை. மோகனூர்ப் பள்ளிக்கூடத்துத் தூண் கண் முன்னால் வந்து நின்றது.

பலகைக் காலத்தில் ஓர் ஆடி நோம்பி, உங்கள் பக்கத்து ஆடிப் பண்டிகை. ஆறு நிறைந்து ஓடுகிறதென்று கரையூர்களில் எல்லாரும் குஷியாக இருந்த நாள். மத்தியானம், மோகனூர் தபாலாபீசிலிருந்து ஒரு பெண், சேலத்திலேயே செவ்வாய்ப்பேட்டை லாரி ஆபீசில் வேலை பார்க்கும் தன் கணவரைக் கூப்பிட்டாள். நீதான் சேர்த்துவிட்டாய். டெலிபோனைத் தொட்டுப் பழக்கமில்லாதவர்கள் கத்துவதுபோல அவள் கத்திக்கொண்டிருந்தது எனக்கே லேசாகக் கேட்டது. அப்போது மேட்டூர்க் கதவு விழுந்தது. வெள்ளச் செய்தி. அணை மதகுகளைத் திறந்தாயிற்று, கரையோரத்துக்கு உடனே சொல்ல வேண்டும். எல்லாப் படிகளுக்கும் மேலே வெள்ளச் செய்தி. அதைத் தள்ளிப்போட யாருக்கும் உரிமை கிடையாது. மோகனூருக்கு நாமக்கல் வழியாகப் போனது ஒரே ஒரு கம்பி. அதில் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"இருங்க, வாரேன்" என்று சொல்லி நீ பிடுங்கினாய். மறக்காமலிருக்க வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. "பாப்பாவக் காலையிலயே."

வெள்ளச் செய்தி முடிந்ததும் அதைத் தொடர்ந்து அதிகாரிகள் பேசினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர். லைன் உன் கைக்குத் திரும்பவே இல்லை. பொழுது சாயும்போது மோகனூர்க் கம்பி செத்துவிட்டது. எங்கோ கம்பம் சாய்ந்திருந்தது. நீ ஷிப்ட் முடிந்தும் எழவில்லை. "சொல்லீட்டு வந்தேன் புள்ள, வாரேன்னு" என்றாய்.

தண்ணீர் கொஞ்சம் இறங்கிய பிறகு ஒருவர் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரை காய்ந்த சேறு. அந்தப் பெண்ணின் கணவர். மோகனூர் போய்விட்டு நேராக வந்திருந்தார்.

"அம்மிணி, அன்னைக்கு லைன நிறுத்துனது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க" என்றாய். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நான் முன்னால் போனேன்.

"ஊடு இடிஞ்சு போச்சுங்க. அவள இழுத்து வெளிய போட்டுட்டாங்க, உசுரு இருக்குது. ஆனாப் பேச்சில்லீங்க. பாப்பாவக் காணமுங்க. ஆத்தோட போயிருச்சுன்னு ஊரே சொல்லுது." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவ பாப்பாவப் பத்தித்தான் என்னமோ சொல்ல வந்தா. நீங்க எச்சா ஏதாச்சும் கேட்டீங்களாங்க?"

"பாப்பாவக் காலையிலயே. அதுக்கு மேல இல்லீங்க."

"நானுங் கேட்டது அதுதானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு வயதுப் பிள்ளையாம். இருக்கிறதா இல்லையா என்பது அந்தப் பாதி வாக்கியத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது தெரிந்த ஒருத்தி வாயைத் திறக்கவில்லை.

அவர் போன பிறகு நாம் பலகைக்குத் திரும்பினோம். உச்சி வெயில். எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன. மோகனூர்க் கதவு மட்டும் டப்பென்று விழுந்தது.

கம்பி இன்னும் செத்துத்தான் கிடந்தது. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ கம்பியைச் செருகி, "மோகனூர், சொல்லுங்க" என்றாய். நானும் காதைக் கொடுத்தேன். தூரத்தில் தண்ணீர் நகர்வதுபோல ஒரு இரைச்சல். அதற்குப் பின்னால் யாரோ பேசுவதற்கு முன் மூச்சிழுப்பதுபோல இருந்தது. பேச்சு வரவில்லை. கதவை மூடினாய்; கொஞ்ச நேரத்தில் திரும்ப விழுந்தது. அன்று மத்தியானம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. நான் மனதுக்குள் ஜெபம் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

லைன் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். "ஈரக் கம்பிம்மா. புளியமரத்துக் கிளை ஏதாவது உரசும், தானா விழும்" என்றார். சூப்பர்வைசர் ஒரு அட்டையை மடித்துக் கதவு விழாதபடி சொருகினார். இதுவும் அந்த வகுப்பில் பின்னால் வந்தது: ஆளே கூப்பிடாமல் எழும் பொய்க் குறுக்கீடு உண்டாம், அது ஓயாமல் தொல்லை கொடுத்தால் கெர்னல் அந்த வாசலை அடைத்து வைக்குமாம். நியாயமான ஏற்பாடுதான். அவர் தலை மறைந்ததும் நீ அட்டையை உருவிக் கீழே போட்டாய். "கூப்படறது பொய்யின்னு எடுத்துப் பாக்காம எப்புடித் தெரியும்?" என்றாய். அப்புறம், "நாளைக்கு நீயும் வா புள்ள. அந்தம்மாவப் பாத்துட்டு வந்தரலாம். தனியாப் போக ஒரு மாதிரியா இருக்குது" என்றாய்.

மறுநாள் பஸ் புதுச்சத்திரத்தில் நின்றபோது உன் ஊர்க்காரர் எவர் கண்ணிலும் படக் கூடாதென்று முக்காட்டைப் போட்டுக்கொண்டு என் மடியில் கவிழ்ந்தாய். சாதாரண நாளாக இருந்திருந்தால் வருடம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டியிருப்பேன். மோகனூரில் பள்ளிக்கூடத்தில்தான் வீடிழந்தவர்களை வைத்திருந்தார்கள். கூடம் நிறைய மனிதர்கள், ஈரத் துணி வாடை. கடைசித் தூணில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண், நம் வயதுதான். வலது கையை மடக்கிக் காதோடு சேர்த்து வைத்திருந்தாள். பல்வலி என்று நினைத்து யாரோ கன்னத்தில் கிராம்பு அரைத்துப் பூசியிருந்தார்கள். "எறக்கி உட்டாலும் திரும்ப அங்கயே கொண்டு போறாளுங்க" என்றார் கணவர். நீ என்னைப் பார்த்தாய். அந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்பது அந்தக் கூடத்தில் நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது.

நீ அவளுக்கு எதிரில் போய் உட்காருவாய் என்று நினைத்தேன். நீ தூணுக்குப் பின்னால் போய், அவள் கண்ணில் படாமல் நின்றுகொண்டாய். லைனில் கூப்பிடுகிறவர்கள் நம் முகத்தைப் பார்த்ததில்லையே. பிறகு உன் வேலைக் குரலில், நிதானமாக, "மோகனூர், வந்துருச்சுங்க. 'பாப்பாவக் காலையிலயே'ன்னு சொல்லீட்டிருந்தீங்க. பேசுங்க" என்றாய்.

"பூக்காரக்கா அக்கரைக்குக் கூட்டிட்டுப் போயிருச்சுங்க" என்று அவள் கத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. "அவிய அம்மா ஊட்டு நோம்பிக்கு. பரிசல்ல அனுப்பி உட்டேன். நீங்க வாரப்ப பாப்பாளுக்கு வளவி வாங்கீட்டு வாங்க. கேக்குதுங்களா?" அவளுடைய கண் எதையும் பார்க்கவில்லை. தபாலாபீசுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். "செரி, வெச்சுர்றேனுங்க" என்று காதிலிருந்த கையை இறக்கி, இல்லாத கொக்கியில் இல்லாத ஒன்றை மாட்டினாள்.

கணவர் ஒரு சத்தம் போட்டாரே, அதை நான் எழுத மாட்டேன். ஆற்றுப் பக்கம் ஓடினார். பின்னாலேயே பாதிக் கூடம் ஓடியது. பரிசல் விடாத நாட்களில் அக்கரையிலிருந்து சேதி வர வழியில்லை. பூக்காரி தனியாகத்தான் போனாள் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பிள்ளை இருக்கிறது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. உன்னைக் கட்டிக்கொள்ளலாமென்று திரும்பினால், நீ அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அவள் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அடுப்புல பருப்பு வெச்சுட்டு வந்துட்டேனுங்க" என்று தபாலாபீஸ் ஆளிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று வெயிலில் இறங்கி நடந்தாள். நாம் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம். வளைவு திரும்பி, வேப்பமரத்தைத் தாண்டி, கால் பழகிய வழியில் போனாள். வீதி இருந்த இடத்தில் செந்தண்ணீர் அசையாமல் கிடந்தது. நடுவில் யாருடைய வீட்டு நிலைக்கதவோ தனியாக நின்றது. அவள் விளிம்பில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். பயமில்லை அவளுக்கு; வழி தவறிவிட்டோம் என்ற குழப்பம்தான் முகத்தில் இருந்தது. உன்னைப் பார்த்து, "ஏனுங்க, இங்க எங்க வீதி இருந்துச்சுங்களே. இப்பத்தான வந்தேன்?" என்றாள்.

நீ அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னாய். எத்தனை நாள் ஆயிற்று, தண்ணீர் வந்தது, சுவர் விழுந்தது, பிள்ளை நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் முகம் வயதாகிக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

பிள்ளை பரிசல் ஏறி, வாயெல்லாம் அச்சுவெல்லமாக வந்து சேர்ந்ததாம். பிறகொரு நாள் மூவருமாக ஒரு வாழைத்தார் கொண்டுவந்து எக்ஸ்சேஞ்சில் வைத்தார்கள். அம்மாக்காரி நன்றாகப் பேசினாள், சிரிக்கவும் செய்தாள். இடையில் போன நாட்களை மட்டும் அவளுக்குக் கடைசி வரை நினைவில்லை. நீ பழத்தைத் தொடவில்லை. அன்றிலிருந்து உன் பழக்கத்தில் ஒன்று மாறியது. நிறுத்திவைத்தவர்களைத் திரும்பச் சேர்க்கும்போது, வார்த்தையைச் சொல்வதற்கு முன், எவ்வளவு நேரம் ஆயிற்று என்று சொல்லத் தொடங்கினாய். ஏன் என்று கேட்டேன். "நின்னவிங்களுக்கு நின்னது தெரியாது புள்ள. நிறுத்துனவளுக்குத்தான் தெரியும். மொதல்ல நேரத்தச் சொல்லீரோணும்" என்றாய்.

வகுப்பு முடிந்த அன்று உன்னைக் கூப்பிட்டு அந்தப் பையன் சொன்னதைச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? "அப்ப அதுக்கு யாரு நேரஞ் சொல்றது?" என்று கேட்டாய். "யாரும் சொல்றதில்லடி. அதுவே மணியப் பாத்தாத்தான் உண்டு." "பாவம்" என்றாய், ஒரு இயந்திரத்துக்காக.

போன தை மாதம் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நான் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக நல்ல வெயில். நீ ஏதோ சொல்லத் தொடங்கினாய். குரல் தெளிவாகத்தான் இருந்தது. நர்ஸ் உள்ளே வந்து, "கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றாள். நான் எழுந்து உன் பாஷையிலேயே, "இரு, வாரேன்" என்றேன். நீ சிரித்தாய். என்னைத் திரும்ப உள்ளே கூப்பிட்டபோது நீ இல்லை.

அந்தக் கடைசி வார்த்தையை எடுத்து வைத்திருக்கிறேன். உன் மகள் கேட்டாள், சொல்லவில்லை. எங்கள் கோயிலில் இறந்தவர்களுக்காக மன்றாடச் சொல்வார்கள். அவர்களைக் கூப்பிடச் சொன்னதில்லை. வீட்டில் தனியாக இருக்கும் மத்தியானங்களில் அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வருகிறது. வாய்விட்டுச் சொன்னால் நீ தொடர்ந்து பேசுவாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. உன் குரலைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. ஆனால் பேசி முடித்துவிட்டு, "செரி, வெச்சுர்றேன்" என்று நீ எழுந்து உன் வீட்டைப் பார்த்து நடப்பாயே.

அதனால் முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். தை போய்ச் சித்திரை பிறந்துவிட்டது. உன்னை எரித்து, மோகனூரில் ஆற்றில் கரைத்தார்கள், நானும் போயிருந்தேன். உன் கட்டிலைப் பிரித்துப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். உன் அறையில் பேரன் படிக்கிறான். உன் சேலைகளை உன் மகளும் நானும் பங்கிட்டுக்கொண்டோம். கத்தரிப்பூ நிறத்துச் சேலை என்னிடம் இருக்கிறது. வீதி அங்கேயே இருக்கிறது. நீதான் இல்லை.

இதையெல்லாம் நிதானமாகக் கேட்டுக்கொள். அவசரமில்லை. வார்த்தை என்னிடம் இருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.